தனியாக இருந்தால் தண்டனை: அகஸ்டஸா, முசோலினியா?

தனியாளைப் பிடித்து ஜோடி சேர்த்துவிடும் அரசு என்றால் அபத்தக் கதை என்று சிரிப்போம். ரோமில் அது இரண்டு முறை கிட்டத்தட்ட சட்டமாகவே இருந்தது. இரண்டில் எது பெரிய அபத்தம்?

இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி 1927இல் 25 முதல் 65 வயது வரையிலான கல்யாணமாகாத ஆண்களுக்கு வரி போட்டார். பாதிரியார்களுக்கு விலக்கு. சரி, பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தனியாக இருக்கலாம்.

பண்டைய ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸிடம் அந்த வழியும் அடைப்பு. மணமாகாதவருக்கு நெருங்கிய சொந்தம் தவிர வேறு யார் உயில் எழுதி வைத்தாலும் சொத்து வராது. பெண்களுக்கும் இதே கதிதான். கணவனை இழந்தவள் இரண்டு வருடத்துக்குள் மறுமணம் செய்தாக வேண்டும், துக்கத்துக்கே கெடு! என் ஓட்டு இவருக்குத்தான். ஏனென்றால் கி.பி. 9இல் வந்த அவரது திருமணச் சட்டம் பாப்பியஸ், போப்பேயஸ் என்ற இரு கான்சல்களின் (ரோமின் உயர் பதவியாளர்கள்) பெயரைத் தாங்கியது. இருவருக்குமே மனைவி கிடையாது என்கிறார் வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ.