பேக்லிங்க், ஏஐ கட்டுரை, சொந்த எழுத்து: பினாங்குக் கடைக்காரர் எதில் காசு போடலாம்?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடையோ மாலைக்கடையோ கல்யாணச் சமையலோ நடத்துபவர்களிடம் இப்போது இரண்டு பேக்கேஜ்கள் விலை பேசப்படுகின்றன. மாதம் இத்தனை வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் நூற்றுக்கணக்கில் பேக்லிங்க், அதாவது வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு, போட்டுத் தருவது ஒன்று. ஏஐ வைத்து வாராவாரம் கட்டுரை ஏற்றுவது இன்னொன்று. மூன்றாவது வழியை யாரும் வந்து விற்பதில்லை: கூகுள் மேப்பில் கடையைச் சரியாகப் பதிந்துவிட்டு, தொழில் தெரிந்தவரே நாலு நல்ல பக்கம் எழுதுவது. என் ஓட்டு இதற்குத்தான்.

முதலில் பேக்லிங்க். ஒரு தளத்துக்கு எத்தனை பேர் இணைப்புக் கொடுக்கிறார்கள் என்பதைக் கூகுள் பெரிதாகப் பார்த்ததால் இணைப்பே விற்பனைச் சரக்கானது. 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற அல்காரிதம் (தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் கணக்கு முறை) வந்து, காசு கொடுத்து இணைப்பு வாங்கிய தளங்களைக் கீழே தள்ளியது. அதில் சிக்கிய தளங்கள் தப்பை நீக்கினாலும், பெங்குவின் அடுத்த முறை ஓடும்வரை மீள முடியவில்லை. 2014 அக்டோபருக்குப் பிறகு அடுத்தது வந்தது 2016 செப்டம்பரில்தான். அப்போதிருந்து அது மூல அல்காரிதத்தில் சேர்ந்து, போலி இணைப்புகளைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. அதாவது இன்று நூறு இணைப்பு வாங்கினால் தளம் விழாமலும் இருக்கலாம், காசு மட்டும் போய்விடும். கூகுள் ஆட்களே பார்த்துத் தண்டிக்கும் வாய்ப்பும் இன்னும் இருக்கிறது.

ஏஐ கட்டுரை மலிவு. வேகமும் உண்டு. ஆனால் சரக்கில்லாத பக்கங்களைக் கூகுள் 2011-இல் பாண்டா என்ற அல்காரிதம் வந்த நாளிலிருந்தே விரட்டிக்கொண்டிருக்கிறது. 2024 மார்ச்சில் விதி இன்னும் தெளிவானது: தேடலில் ரேங்க் ஏற்றுவதற்காகவே மொத்தமாகப் பக்கம் குவித்தால், மனிதர் எழுதினாலும் மெஷின் எழுதினாலும் குற்றம்தான். ஏஐ-யைத் தொடவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ‘தீபாவளிக்குச் சேலை வாங்கப் பத்து டிப்ஸ்’ என்று எந்த ஊர்க் கடைக்கும் பொருந்துகிற கட்டுரையால் லிட்டில் இந்தியாவின் லெபோ பாசார் தெருக் கடைக்கு என்ன லாபம்?

சரி, மூன்றாவது வழி. மேப்பில் யார் முன்னால் வருவது என்பதைப் பொருத்தம், தூரம், பெயர் பெற்ற அளவு ஆகிய மூன்றும் முடிவு செய்வதாகக் கூகுளே சொல்கிறது. அதற்குக் காசு கட்டி இடம் பிடிக்க முடியாது. கடை திறக்கும் நேரம், போன் நம்பர், புதிய படங்கள், உண்மையான வாடிக்கையாளர் விமர்சனம், இவை போதும். பரிசு கொடுத்து விமர்சனம் வாங்குவது விதிமீறல், அதைச் செய்யாதீர்கள்.

பக்கங்களில் என்ன எழுதுவது? வாடிக்கையாளர் போனில் கேட்பதைத்தான். சைவத்துக்குத் தனிப் பாத்திரமா? பாலம் தாண்டி பட்டர்வொர்த்துக்கு வருவீர்களா, அதற்கு எவ்வளவு? தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலுக்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்? இதையெல்லாம் வெளியாள் எழுதவே முடியாது. மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் எழுதுங்கள். வாக்கியத்தின் பொருளைப் பிடிக்கும் பெர்ட் முறை 2019 டிசம்பரில் தமிழ் உட்பட 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு வந்துவிட்டது. ஆகவே ஒரே சொல்லைப் பத்து இடத்தில் திணிக்க வேண்டாம், பேசுகிற மாதிரி எழுதினாலே தேடல் புரிந்துகொள்ளும். அப்புறம், போனில் எடுத்த பெரிய படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள். முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல்.

இந்த வழியிலும் குறை உண்டு. மெதுவாகத்தான் பலன் வரும், முதலாளியே நேரம் ஒதுக்க வேண்டும். பொதுவான கேள்விகளுக்கு இப்போது ஏஐ பதில் மேலேயே வந்துவிடுவதால் அவற்றை நம்பி எழுதும் பக்கங்களுக்குக் கிளிக் குறையலாம். தளம் கைப்பேசியில் சரியாகத் திறக்கவில்லை என்றால் ஏஜென்சிக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை, அந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள்.

பெரிய அல்காரிதம் மாற்றம் ஓடும்போது ரேங்க் ஆடும். 2024 மார்ச்சில் தொடங்கியது முடிய 45 நாள் ஆனது. அது முடிந்து ஒரு வாரமாவது கழித்து, கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் இலவச சர்ச் கன்சோலில் முன்பின் ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை எந்தப் புதுப் பேக்கேஜுக்கும் கையெழுத்துப் போட வேண்டாம்.