“தடுக்க மாட்டோம்” என்று வாயால் சொல்லும் காற்பந்துக் கிளப்புகள்: பெற்றோர் கவனத்துக்கு

உங்கள் வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரில் ஏதாவது ஒரு காற்பந்துக் கிளப்பில் கையெழுத்துப் போடப் போகிறான் என்றால், அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் அக்கா மகனுக்கு நடந்தது இது. கிளப்பின் பெயரை எழுதப் போவதில்லை. அவன் இன்னும் அங்கேதான் விளையாடுகிறான். அவன் பிழைப்பில் மண் விழ வேண்டாம்.

தேசிய சேவையை முடித்துவிட்டு வந்த கையோடு அவனை இரண்டு கிளப்புகள் அழைத்தன. ஒன்று ஓராண்டு ஒப்பந்தம், சம்பளமும் சற்றுக் கூடுதல். மற்றது இரண்டாண்டு. இரண்டாவது கிளப்பின் அதிகாரி தமிழர். எல்லாப் பையன்களுக்கும் அவர் ‘அண்ணன்’. சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு காப்பிக் கடையில் எங்களைச் சந்தித்தார். நானும் இருந்தேன். “இரண்டாண்டு என்பது சும்மா கணக்குக்குத்தான் தம்பி. மலேசியாவிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ நல்ல அழைப்பு வந்தால் ஒரு காசு கேட்காமல் அனுப்பிவைப்போம். தடுக்க மாட்டோம். நான் இருக்கிறேன்” என்றார்.

அக்கா விவரமானவள். “அதையும் தாளில் எழுதிவிடலாமே” என்று அப்போதே கேட்டாள். “நமக்குள் எதற்கு அக்கா அதெல்லாம்? இது எல்லாருக்கும் பொதுவான படிவம், இதில் கை வைக்க முடியாது” என்று சிரித்துக்கொண்டே காப்பிக்குக் காசு கொடுக்க எழுந்துவிட்டார். இன்ன தொகை வந்தால் விடுவிப்போம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது உலகம் முழுக்க நடக்கிறது. கை வைக்க முடியாது என்பது சுத்தப் பொய்.

அந்தப் பேச்சை நம்பி இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தான மறுநாள் பையன் அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினான்: “அண்ணன், காப்பிக் கடையில் சொன்னது உறுதிதானே?” உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “நேரில் பேசலாம்.” அவ்வளவுதான். பிறகு நாங்கள் பார்த்த வழக்கறிஞர் அந்தக் கட்டைவிரலைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “எதற்குச் சம்மதம்? காப்பிக் கடையில் என்ன சொன்னார் என்பது இதில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அடுத்த பருவம் மலேசிய லீக்கிலிருந்து ஒரு கிளப் கூப்பிட்டது. சம்பளம் கிட்டத்தட்ட இரு மடங்கு. ‘அண்ணன்’ முதலில் தொலைபேசியை எடுக்கவில்லை. பிறகு “நிர்வாகம் முடிவெடுக்க வேண்டும்” என்றார். நிர்வாகமோ அவனை விட்டுத்தர இடமாற்றத் தொகை கேட்டது. அதுவும் அந்த மலேசிய கிளப் கனவிலும் தராத தொகை. கடிதம், பதில் கடிதம் என்று இழுத்தடித்ததில் வீரர்களைப் பதிவு செய்யும் காலம் முடிந்துபோனது. அந்தக் கிளப் வேறு ஆளை எடுத்துக்கொண்டது. அதற்குள் ‘அண்ணன்’ வேலை மாறி இன்னொரு கிளப்புக்குப் போய்விட்டார். அவர் போவதை மட்டும் யாரும் தடுக்கவில்லை!

சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தோம். சிங்கப்பூரில் வாய்மொழி ஒப்பந்தம் பொதுவாகச் செல்லும். ஆனால் எங்கள் தாளின் கடைசிப் பக்கத்தில், எழுதப்பட்டவை மட்டுமே இரு தரப்பையும் கட்டுப்படுத்தும், முன்னர் பேசியவை எவையும் சேராது என்று பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது. காப்பிக் கடைப் பேச்சை முழுதாக விழுங்கியது அந்த ஒரு வாக்கியம்தான். உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவுக்குப் போகலாமா என்றால், வீரர்களுக்கும் கிளப்புகளுக்கும் இடையிலான வேலைத் தகராறில் நாடு கடந்த அம்சம் இருந்தால்தான் அது விசாரிக்கும். உள்ளூர்ப் பையன், உள்ளூர் கிளப் என்றால் உள்ளூரிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

உதறிவிட்டுப் போகவும் முடியாது. 28 வயதுக்கு முன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் முதல் மூன்று பருவம் அல்லது மூன்று ஆண்டு, எது முந்துகிறதோ அதுவரை, ஃபிஃபா விதிப்படி ‘பாதுகாக்கப்பட்ட காலம்’. அதற்குள் தக்க காரணமின்றி முறித்தால் இழப்பீட்டோடு நான்கு மாதத் தடையும் வரலாம். இரண்டாண்டு ஒப்பந்தம் முழுவதுமே அதற்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், எழுத்தில் 15 நாள் கெடு கொடுத்துவிட்டு விலக விதி இருக்கிறது. ஆனால் இந்தக் கிளப் சம்பளத்தை மட்டும் நாள் தவறாமல் போட்டுவிடுகிறது.

மெஸ்ஸிக்கே இது நடந்தது என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். உண்மைதான். பருவம் முடிந்ததும் இருப்பதா போவதா என்று நீயே முடிவு செய் என்று பார்சிலோனா தலைவர் சொல்லிவந்ததாக மெஸ்ஸி 2020இல் சொன்னார். கிளப்போ, விலகுவதாகச் சொல்ல ஒப்பந்தத்தில் இருந்த ஜூன் 10 என்ற கெடுவையும் 70 கோடி யூரோ விடுவிப்புத் தொகையையும் காட்டியது. கோவிட் தொற்றால் அந்தப் பருவம் ஆகஸ்ட் வரை நீண்டதை அது கணக்கில் கொள்ளவில்லை. நீதிமன்றம் போக மனமில்லாமல் அவர் ஓராண்டு தங்கினார். 2025இல் இங்கிலாந்தின் நியூகாசில் கிளப் வீரர் இசாக், தனக்குத் தந்த வாக்குறுதி மீறப்பட்டதாக எழுதினார். அப்படி யாரும் உறுதி தரவில்லை என்று கிளப் மறுத்தது. ஆனால் அவர் விளையாடாமல் அடம்பிடித்து, செப்டம்பர் 1 அன்று 12.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூல் போய்ச் சேர்ந்தார். அந்த அடத்தை அவரால் தாங்க முடியும். எங்கள் பையன் ஒரு வாரம் பயிற்சிக்குப் போகாவிட்டால் அபராதமும் மாற்று ஆட்டக்காரர் இருக்கையும்தான் மிச்சம்.

ஆகவே, “தடுக்க மாட்டோம்” என்று யாராவது சொன்னால் எந்த நாட்டு அழைப்புக்கு, எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதிக்குள் என்று கேட்டு, அதை ஒப்பந்தத்தோடு இணைத்துக் கிளப்பின் பெயரில் கையெழுத்து வாங்குங்கள். அந்த அதிகாரியின் கையெழுத்து மட்டும் போதாது, அவர் நாளை இருப்பாரோ மாட்டாரோ. எழுதித் தர மறுத்தால், சம்பளம் குறைவானாலும் ஓராண்டு ஒப்பந்தமே மேல். ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்புடன் கையெழுத்திட ஃபிஃபா அனுமதிக்கிறது. எங்கள் பையன் இப்போது அதற்காகத்தான் காத்திருக்கிறான். வழக்கறிஞருக்குச் செலவழிக்க முடியாதவர்கள் கையெழுத்துக்கு முன்பே சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குத் தாளை எடுத்துச் செல்லுங்கள்.

அந்த ‘அண்ணன்’ புதிய கிளப்பிலும் பையன்களைச் சேர்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. இதே பேச்சை உங்களிடமும் பேசியிருந்தால், வந்த செய்திகளை அழிக்காமல் எனக்குத் தனியாக எழுதுங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் காற்பந்துச் சங்கத்திடம் முறையாகப் புகார் கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.