பொதுத் திடலுக்கு மடக்கு நாற்காலி வாங்கலாமா?

நகர மையத்துத் திடல்களையும் நடைத்தெருக்களையும் பராமரிப்பது என் தொழில். விளக்கு அணைந்தாலும், வடிகால் அடைத்தாலும், பெஞ்சு உடைந்தாலும் போன் எனக்குத்தான் வரும். வீட்டுத் தோட்டத்துக்கு நாற்காலி தேடுகிறவர்களுக்கு இந்த மதிப்புரை பாதிதான் பயன்படும். முகம் தெரியாத பலர் தினமும் உட்கார்ந்து எழுந்து போகிற இடத்தில், வெயிலிலும் மழையிலும் கிடக்கப்போகிற நாற்காலியாக இது தேறுமா என்பதைத்தான் பார்க்கப்போகிறேன்.

தேறும். ஆனால் நாற்காலிக்குப் பணம் ஒதுக்கும் முன், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கியிருக்க வேண்டும். அது முடியாது என்றால் சிமென்ட் பெஞ்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பொருள் எல்லோரும் பார்த்ததுதான். இரும்புச் சட்டம், பெருக்கல் குறி வடிவில் குறுக்கே போகும் கால்கள், உட்காரவும் சாயவும் இரும்புப் பட்டைகளோ மரப் பட்டைகளோ. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் உருவான வடிவம். தெருவோரம் பானம் விற்றவர்கள் சட்டென்று மடக்கி எடுத்துக்கொண்டு போக வசதியாக இருந்தது என்பார்கள். ஃபெர்மாப் என்ற பிரெஞ்சு நிறுவனம் இன்றும் அதைச் செய்கிறது. நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவில் பச்சை நிறத்தில் இறைந்து கிடப்பவை அவர்களுடையவை. எங்கள் திடலுக்கு வாங்கியது அதே அமைப்பில் வேறொருவர் செய்தது. பெயர் வேண்டாம், குறைகளைச் சொல்லப்போகிறேன்.

இப்படிப்பட்ட நாற்காலியை ஏன் பொது இடத்தில் போட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பொது இடங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த அமெரிக்கர் வில்லியம் எச். வைட் செய்த ஆய்வை. 1970களில் அவருடைய குழு நியூயார்க்கின் அலுவலகக் கட்டடங்களுக்கு முன்னால் இருந்த திடல்களைக் கேமராவில் பதிவு செய்தது. யார் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று பார்த்தது. அந்தத் திடல்கள் வந்த கதையே தனி. 1961இல் அந்நகரம் ஒரு விதி போட்டது: பொதுமக்களுக்கென்று ஒரு சதுர அடி திடல் விட்டால், கட்டடத்தில் 10 சதுர அடி வரை கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். கட்டடக்காரர்கள் விட்டுவைப்பார்களா? திடல்கள் முளைத்தன. ஆனால் பலவற்றில் ஆளே இல்லை. வெயில் விழுவதா காரணம், திடலின் வடிவமா, பரப்பளவா என்று வைட் ஒவ்வொன்றாகச் சோதித்தார். எதுவும் ஆள்கூட்டத்தோடு சரியாகப் பொருந்தவில்லை. உட்கார எவ்வளவு இடம் இருக்கிறது என்ற கணக்குதான் பொருந்தி வந்தது. இதைக் கண்டுபிடிக்கக் கேமரா வேண்டுமா என்று சிரிக்கலாம். வேண்டியிருந்தது. ஒவ்வொரு 30 சதுர அடித் திடலுக்கும் ஓரடி நீளமாவது உட்காரும் இடம் வேண்டும் என்று 1975இல்தான் விதியைத் திருத்தினார்கள்.

அவர் கவனித்த இன்னொன்றுதான் நாற்காலிக்கு வேண்டியது. நகர்த்த முடிகிற நாற்காலி கிடைத்தால், உட்காரும் முன் சில அங்குலமாவது அதை நகர்த்துகிறார்கள். அதில் எந்த லாபமும் இல்லாவிட்டாலும் நகர்த்துகிறார்கள். எங்கள் திடலில் நானும் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு அம்மா வருவார். தோளிலிருந்து பையை இறக்காமலே நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரு சாண் இடப்பக்கம் இழுப்பார். இரண்டு இடத்திலும் ஒரே நிழல்தான். ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே தள்ளி உட்காருவார். பக்கத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வார். 'உங்களைத் தொந்தரவு செய்ய வரவில்லை' என்பதை அந்த ஒரு சாண் சொல்லிவிடுகிறது. சிமென்ட் பெஞ்சில் இது நடக்காது. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஒருவர் நடுவில் உட்கார்ந்துவிட்டால் மற்ற இரண்டு இடமும் போயிற்று. நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து வந்தால், பெஞ்சில் பஸ் சீட்டு மாதிரி வரிசையாக உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பேசுவார்கள். நாற்காலி என்றால் வட்டம் போட்டுக்கொள்வார்கள்.

எடையைப் பற்றிக் குறையில்லை. ஒரு கையால் தூக்கலாம், சின்னப் பிள்ளைகூட இழுத்துக்கொண்டு போகும். பட்டைகளுக்கு நடுவே காற்று புகுந்து போவதால் பிளாஸ்டிக் நாற்காலி அளவுக்குக் காற்றுக்குப் பறக்காது. மழைநீரும் தேங்காது. ஒரு தடவை துடைத்தால் உட்காரலாம். அடர்ந்த நிறம் வாங்கினால் வெயிலில் சுடும். மர நிழல் இல்லாத இடத்துக்கு வெளிர் நிறம் கேளுங்கள்.

வில்லங்கம் மடக்குகிற இடத்தில். உட்காரும் பகுதியின் பின்னோரம் சட்டத்தோடு வந்து சேரும்போது விரல் மாட்டும். எங்கள் ஆட்களில் நசுங்காத விரல் இல்லை. பெரியவர்கள் பெரும்பாலும் மடக்குவதில்லை, நகர்த்துவதோடு சரி. பிள்ளைகள்தான் மடக்கி விரித்து விளையாடுவார்கள். நல்ல தயாரிப்பில் அந்த இடத்தில் தடுப்பு வைத்து இடைவெளி விட்டிருப்பார்கள். ஆர்டர் கொடுக்கும் முன் ஒன்றை வரவழைத்து நீங்களே பத்துத் தடவை மடக்கிப் பாருங்கள். விளம்பரப் படத்தில் இது தெரியாது.

துரு, பட்டைகளை இணைக்கும் ரிவெட் ஆணியில்தான் தொடங்கும். தட்டையான பட்டையில் பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கும் பெயின்ட்) நன்றாக ஒட்டும். ரிவெட் தலைக்கு அடியிலும் வெல்டிங் முனையிலும் அது மெல்லிசு. தேயத் தேய அங்கே தண்ணீர் இறங்கும். எங்களுக்கு வந்த முதல் லாட்டில் துருவைத் தடுக்கும் துத்தநாகப் பூச்சே கிடையாது, வெறும் இரும்பில் நேராகப் பெயின்ட். கால்முனை ரப்பர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இரும்பு நேரடியாகக் கல்தரையில் உரசியது. மழைக்காலம் முடிந்து பார்த்தால் தரை முழுக்க அரைவட்ட அரைவட்டமாகத் துருக்கறை. விற்றவரைக் கூப்பிட்டால், "மேடம், அது வீட்டு உபயோக மாடலாச்சே" என்றார். விலைப்புள்ளியில் 'பொது இடங்களுக்கு ஏற்றது' என்று எழுதியவரும் அவரேதான். ரப்பர் போன நாற்காலியைக் கல்லில் இழுக்கும் சத்தம் வேறு. மாடியில் குடியிருப்பவர்கள் எழுதிய புகார்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்த வடிவத்தில் பெரும்பாலானவற்றுக்குக் கைப்பிடி கிடையாது. முட்டிவலி உள்ள ஒரு பெரியவர் எழுந்திருப்பதைக் கிட்ட நின்று பாருங்கள். இரண்டு கையையும் தொடையில் ஊன்றுவார், முன்னால் சாய்வார், பாதி எழுந்ததும் ஒரு கை தானாகப் பக்கத்து நாற்காலியின் முதுகுக்குப் போகும். அதுவும் நகரும் நாற்காலிதானே, அவரோடு சேர்ந்து சரியும். விழாமல் பிடித்த சமயங்கள் உண்டு. கைப்பிடியும் முதுகும் உள்ள, தரையில் பதித்த பெஞ்சுகள் ஒரு பகுதியில் கட்டாயம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இதை மட்டும் போடுகிறோம் என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

'திருடு போகாதா?' என்பது எல்லாக் கூட்டத்திலும் வரும் கேள்வி. வைட் இதற்கும் ஓர் உதாரணம் தருகிறார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் முன்புறத்தில் 200 வரை நாற்காலிகளை இரவும் பகலும் வெளியிலேயே விட்டுவைத்தது. காவலாளிகளை வைத்து ராத்திரி ராத்திரி உள்ளே எடுத்து வைப்பதைவிட, ஜனங்களை நம்பிவிட்டு அவ்வப்போது புதிதாக வாங்கிப் போடுவது செலவு குறைவு என்று கணக்குப் போட்டார்கள். அப்படியே நடந்தது. எங்களிடமும் காணாமல் போகத்தான் செய்கின்றன. பாதி பக்கத்துத் தெருவில் கிடைக்கும், யாரோ தெரிந்தவருடன் பேச இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். எல்லாவற்றையும் சங்கிலி போட்டுக் கட்டச் சொன்ன அதிகாரி ஒருவர் இருந்தார். கட்டிவிட்டால் அது பெஞ்சுதானே, பிறகு எதற்கு இந்தச் செலவு?

விற்பனைப் பேச்சில் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். பிரையன்ட் பூங்காவுக்கு இந்த நாற்காலிகள்தான் உயிர் கொடுத்தன என்று சொல்வார்கள். அது அரைக்கதை. 1970களில் அது போதை மருந்து விற்பவர்களின் இடம். தெருவைவிட உயரமான தரை, சுற்றிலும் இரும்பு வேலி, உயரமான செடிவேலி. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே போகிறவர்களுக்குத் தெரியாது. 1980இல் பராமரிப்புக்கென்றே ஓர் அமைப்பு உருவானது. 1988இல் மூடி, 1992இல் திறந்தபோது செடிவேலி போயிருந்தது, வாசல்கள் அகன்றிருந்தன, சிற்றுண்டிக் கடைகள் வந்திருந்தன, கழிப்பறை சுத்தமாக இருந்தது. இத்தனைக்கும் நடுவில்தான் நாற்காலி. கழிப்பறை என்று கூட்டத்தில் நான் வாயைத் திறந்தாலே பேச்சை மாற்றுகிறார்கள். திடலின் வரைபடத்தில் அது அழகாக வராது, அதனால்.

நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் வரிசை தலைகீழ், நாற்காலிதான் முதலில் வந்தது. 2009இல் பிராட்வே சாலையின் ஒரு பகுதியில் கார்களை நிறுத்தினார்கள். முறையான இருக்கைகள் வந்து சேரவில்லை. கடற்கரையில் போடுவது போன்ற மலிவு விலை மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து நடுரோட்டில் பரப்பினார்கள். பத்திரிகைகள் கிண்டலடித்தன, ஜனங்கள் உட்கார்ந்தார்கள். சோதனையாகச் செய்து பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு நிரந்தரம் என்று அறிவித்தார்கள். கல் பதிப்பதெல்லாம் பிறகுதான். ஏற்கெனவே கூட்டம் நெரிகிற இடம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கூட்டமே வராத தெருவில் நாற்காலி கூட்டத்தை வரவழைக்காது. அமெரிக்காவின் ஃப்ரெஸ்னோ நகரம் 1964இல் தன் மையத் தெருவை நடைபாதையாக்கியது. நீரூற்று, சிற்பம், மரம் எல்லாம் வைத்தும் கடைகள் புறநகருக்குப் போய்க்கொண்டே இருந்தன. 2017இல் திரும்பவும் கார் விட்டார்கள். சிகாகோவின் ஸ்டேட் தெருவிலும் 1979இல் செய்ததை 1996இல் கலைத்துவிட்டார்கள். சுற்றிலும் குடியிருப்பு இருக்கிறதா, பஸ் நிற்கிறதா, மாலை ஆறு மணிக்கு மேல் எதாவது திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாற்காலி பட்டியலைப் பிரியுங்கள்.

நான் இந்த நாற்காலிக்கு உயர்ந்த மதிப்பெண் கொடுப்பது வேறொரு காரணத்துக்காக. இரவு பூட்டும் நேரத்தில், நாற்காலிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று எங்கள் குழு திடலின் வரைபடத்தில் புள்ளி வைக்கும். கட்டடக் கலைஞர் கொடுத்த படத்தில் எல்லா இருக்கையும் நீரூற்றைச் சுற்றி, நீரூற்றைப் பார்த்து இருந்தன. புள்ளிகளோ நாளாக நாளாகத் திடலின் விளிம்புக்கு நகர்ந்தன. எல்லோரும் நீரூற்றுக்கு முதுகைக் காட்டி, தெருவில் போகிறவர்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தனியாக வந்தால் விளக்குக் கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே இழுத்துப் போடுகிறார்கள். மதிய வேளையில் ஒரு புள்ளிக்கூட்டம் நூலகத்தின் பக்கச் சுவரோரம். அங்கே மரம்கூட இல்லை என்று யோசித்தபோதுதான் கட்டடத்தின் நிழல் அந்த நேரத்தில் அங்கே விழுவது புரிந்தது. கருத்துக்கேட்புக் கூட்டம் என்று போட்டால் வழக்கமாக வருகிற பத்துப் பேர்தான் வருவார்கள். கூட்டத்துக்கு வராதவர்களின் கருத்து இந்தப் புள்ளிகளில் கிடைத்தது. அதை வைத்துத்தான் பிறகு பதித்த பெஞ்சுகளை எங்கே போடுவது, எந்த விளக்கை மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

லண்டனில் 2012இல் வந்த கேம்டன் பெஞ்சு இதற்கு நேர் எதிர். சரிவான ஒற்றைக் கான்கிரீட் கட்டி. படுக்க முடியாது, அசைக்க முடியாது, எதையும் ஒளித்துவைக்க முடியாது. பராமரிப்பாளர் என்ற முறையில் அதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது, வேலையே இல்லை. ஆனால் அதில் யாரும் மனமார உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

காலையில் அடுக்கும்போதும் ஒரு விஷயம் இருக்கிறது. "அக்கா, நேர் வரிசையா போட்டாத்தானே சுத்தமா தெரியும்?" என்பான் எங்கள் குழுவில் ஒரு தம்பி. வரிசையாகப் போட்டால் ஏதோ நிகழ்ச்சி நடக்கப்போகிறது என்று நினைத்து ஜனங்கள் ஒதுங்கிப் போகிறார்கள். இரண்டிரண்டாக, கொஞ்சம் கோணலாக, சிலதைத் தனியாக விட்டால் உடனே உட்காருகிறார்கள். தம்பிக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

வாங்குகிறவர்கள் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: பெயின்டுக்கு அடியில் துத்தநாகப் பூச்சு, கழற்றி மாற்றக்கூடிய கால்முனை ரப்பர், விரல் மாட்டாத மடிப்பு, நாலில் ஒரு பங்காவது கைப்பிடி உள்ளவை. முதலில் கொஞ்சம் வாங்கி ஒரு மழைக்காலத்தை ஓட்டிப் பாருங்கள். உபரி ரப்பர்களைத் தனிப் பெட்டியாக நாற்காலியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் 'அந்த அளவு இப்போது வருவதில்லை' என்பார்கள்.