எண்டோமெட்ரியோசிஸ் வலி: பத்தியமா, ஊசியா, பயிற்சியா?

வலது சினைப்பையில் நாலரை சென்டிமீட்டர் சாக்லேட் சிஸ்ட் இருப்பதாக ஸ்கேனில் வந்த வாரமே, சித்தி ஒரு டப்பா நிறையக் கழற்சிக்காய்ப் பொடி கொடுத்தனுப்பினார். "நீர்க்கட்டிதானே, மூணு மாசத்துல கரைஞ்சிரும்."

இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும். பிசிஓடியை நாம் நீர்க்கட்டி என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் சினைப்பையில் எது இருந்தாலும் நீர்க்கட்டி ஆகிவிடுகிறது. பிசிஓடியில் ஸ்கேனில் தெரிபவை முழுதாக வளராத கருமுட்டைப் பைகள். எண்டோமெட்ரியோசிஸ் வேறு. கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு சினைப்பையிலோ குடல் மேலோ ஒட்டிக்கொண்டு, மாதாமாதம் அங்கேயே கசிகிறது. சினைப்பையில் கசிந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கிக் கறுத்துப்போனால் அதுதான் சாக்லேட் சிஸ்ட். பிசிஓடிக்கு "எடையைக் குறை" என்பது நல்ல யோசனை. இங்கே அதே யோசனைக்கு அவ்வளவு பொருள் இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் ஒல்லியான பெண்களிடம்தான் சற்று அதிகமாகக் காணப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம், அதாவது 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. அதில் ஒருத்தியாக நான் மூன்று வழிகளையும் முயன்று பார்த்தேன்: சாப்பாடு, அக்குபஞ்சர், உடற்பயிற்சி. மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தில் மூன்றும் சமம்: எதுவும் கட்டியைக் கரைக்காது, ஒட்டிய திசுவை அகற்றாது. போட்டி முழுக்க வலியிலும் அன்றாடப் பாட்டிலும்தான். ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவச் சங்கமான ஈஷ்ரே 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உணவு, அக்குபஞ்சர், உடற்பயிற்சி எதையும் பரிந்துரைக்கவில்லை. பலனே இல்லை என்றும் அது சொல்லவில்லை. நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்கிறது. என் கணக்கில் அதற்கு அர்த்தம், முயன்று பார்க்கலாம், ஆனால் கடன் வாங்கி முயலக் கூடாது.

சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் அதிகச் சத்தம். கோதுமையை விட்டால் சரியாகிவிடும் என்பவர்கள் பெரும்பாலும் காட்டுவது 2012இல் வந்த இத்தாலிய ஆய்வு. 207 பெண்கள் ஒரு வருடம் குளூட்டன் இல்லாமல் சாப்பிட்டார்கள். முக்கால்வாசிப் பேர் வலி குறைந்தது என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோதுமையை விடாத இன்னொரு குழுவை வைத்து ஒப்பிடவில்லை. அது ஏன் முக்கியம் என்றால், அமெரிக்காவில் இளம்பெண்களுக்கு வைட்டமின் டி, மீன் எண்ணெய், வெற்று மாத்திரை மூன்றையும் பிரித்துக் கொடுத்து ஆறு மாதம் பார்த்தார்கள். வைட்டமின் டி சாப்பிட்டவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது. மீன் எண்ணெய் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. மத்தி மீன் சாப்பிடுவதை நான் நிறுத்தவில்லை, அது வேறு. மாத்திரை டப்பாவுக்குத்தான் காசு போடவில்லை.

சாப்பாட்டு வழிகளில் எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது ஒன்றுதான்: ஃபோட்மேப் குறைந்த உணவு. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும் சில மாவுச்சத்து, சர்க்கரை வகைகளுக்குத்தான் அந்தப் பெயர். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான முறை. அங்கேயே 2025இல் எண்டோமெட்ரியோசிஸோடு வயிற்றுத் தொந்தரவும் இருந்த 35 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒவ்வொருவரும் 28 நாள் இந்த உணவு, 28 நாள் வழக்கமான ஆரோக்கிய உணவு என்று இரண்டையும் சாப்பிட்டார்கள். முதலாவதில் 60 சதவீதம் பேருக்கு வயிற்றுத் தொந்தரவு குறைந்தது, இரண்டாவதில் 26 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் ஒப்பிட ஆள் இருந்த ஆய்வு.

சரி, நம் அடுப்படியில் இது எப்படி இருக்கும்? வெங்காயமும் பூண்டும்தான் முதல் எதிரி. அப்புறம் கோதுமை, சுண்டல், ராஜ்மா, பால், மாம்பழம், தர்பூசணி. அரிசிக்குத் தடையில்லை, அந்த மட்டில் நாம் பிழைத்தோம். முதல் நாள் நான் வைத்த குழம்பை எடுத்துப் பார்த்த அத்தை, "ஏம்மா, இன்னிக்கு அமாவாசையா?" என்றார். யோசித்தால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, விரதச் சமையல் பாதி ஃபோட்மேப் குறைந்த சமையல்தான். பூண்டு வாசனை இல்லாமல் முடியவில்லை என்றால் ஒரு வழி உண்டு. நல்லெண்ணெயில் பூண்டுப் பற்களைச் சிவக்க விட்டு, பல்லை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம். தொந்தரவு தரும் சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை ரசத்தில் கொதிக்க விட்டு எடுத்துப் போட்டால் பயனில்லை. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதிக்கும் தடையில்லை. கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கம் படியுங்கள்.

இது ஆயுள் பத்தியம் இல்லை. நாலைந்து வாரம் விட்டுப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். முடிந்தால் உணவியல் நிபுணர் ஒருவரை வைத்துக்கொண்டு செய்வது நல்லது. விட்டதையெல்லாம் விட்டே இருந்தால் நார்ச்சத்து குறைந்து மலச்சிக்கல் வரும், அது இந்த நோயில் தனி நரகம். எனக்கு மாட்டியது வெங்காயமும் சுண்டலும். டவுன் பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்து "எத்தனை மாசம்மா?" என்று கேட்கிற அளவுக்கு உப்பிய வயிறு, இரண்டாவது மாதத்தில் அடங்கியது. மாதவிடாய் முதல் நாள் வலி மட்டும் அப்படியே இருந்தது.

அந்த முதல் நாள் வலிக்குத்தான் ஊசிக்குப் போனேன். உள் கணுக்காலுக்கு நான்கு விரல்கடை மேலே ஒரு புள்ளி, அடிவயிற்றில் சில, கையில் ஒன்று. குத்தும்போது கொசுக்கடி அளவுதான். பிறகு அந்த இடத்தில் கனமாக, மந்தமாக ஒரு வலி பரவும். காலில் யாரோ கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருப்பது போல. அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். வீட்டில் அப்படிப் படுக்க யார் விடுகிறார்கள், பலனில் பாதி அதனால்தானோ என்னவோ.

ஆய்வு என்ன சொல்கிறது? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2011இல் தேடியபோது தேறிய சோதனை ஒன்றே ஒன்று, 67 பேரை வைத்துச் செய்தது. 2023இல் சீனாவிலிருந்து தரமான ஒன்று வந்தது. 106 பெண்களில் பாதிப் பேருக்கு உண்மையான அக்குபஞ்சர், பாதிப் பேருக்குப் பாவனை அக்குபஞ்சர், 12 வாரம். முடிவில் உண்மை ஊசிக்காரர்களுக்கு மாதவிடாய் வலி தெளிவாகக் குறைந்திருந்தது. நிறுத்திய பிறகு, 24ஆவது வாரத்தில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. என் அனுபவமும் அச்சாக இதுதான். பத்துக்கு எட்டாக இருந்த வலி, ஊசிக்குப் போன மாதங்களில் ஐந்துக்கு இறங்கியது. விட்ட இரண்டாவது மாதம் மறுபடி எட்டு. அந்தச் சோதனையில் மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பிலிருந்து வாரம் மூன்று முறை, மாதவிடாய் நாட்களில் தினமும் சிகிச்சை. வலியில் சுருண்டு கிடக்கும் நாளில் தினமும் ஆட்டோ பிடித்துப் போகிற வசதி எத்தனை பேருக்கு இருக்கிறது?

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல். இங்கே அக்குபஞ்சர் என்ற பெயரில் பரவலாக நடப்பதில் ஒரு வகை, ஊசியே இல்லாமல் நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்புவது. நான் மேலே சொன்ன சோதனைகள் எதுவும் அதைச் சோதிக்கவில்லை. ஊசியின் சான்றைத் தொடுதலுக்குக் கடன் கொடுக்க முடியாது. மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் அக்குபஞ்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்றிருக்கிறது, உண்மை. அதனால் ஒவ்வொரு பெயர்ப்பலகையும் ஏற்கப்பட்டதாகிவிடாது. நான் முதலில் போன ஒருவர், "ஸ்கேன் எடுக்காதீங்க, மாத்திரையை இன்னிக்கே நிறுத்துங்க" என்றார். அன்றோடு அங்கே போவதை விட்டேன். ஆழமாக வளரும் எண்டோமெட்ரியோசிஸ் சிறுநீர்க்குழாயை நெரித்து, வலியே தெரியாமல் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ஊசி போடுகிறவர் உங்கள் கண் முன்னால் புதிய உறையைப் பிரிக்கிறாரா என்பதையும் பாருங்கள்.

மூன்றாவதான பயிற்சிக்கு விளம்பரம் குறைவு. பிரேசிலில் 40 பெண்களை வைத்து எட்டு வாரம் யோகாவைச் சோதித்தார்கள், செய்தவர்களுக்கு அன்றாட வலி குறைந்தது. ஆனால் யோகாவை விட எனக்கு உதவியது, கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கான பிசியோதெரபி. வருடக்கணக்கில் வலியை எதிர்பார்த்து எதிர்பார்த்து அந்தத் தசைகள் இறுகிப்போகின்றன. தாம்பத்தியத்தில் வலி, உட்கார்ந்தால் கடுப்பு, இவற்றில் ஒரு பங்கு இந்த இறுக்கத்தால் வருவது. இத்தாலியில் ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 34 பெண்களிடம் செய்த சோதனையில், பிசியோதெரபி எடுத்தவர்களுக்குத் தாம்பத்திய வலி குறைந்தது. யூடியூபில் பார்த்து நான் செய்துகொண்டிருந்த கீகல் பயிற்சி நேர் எதிரானது. ஏற்கெனவே இறுகிய தசையை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். முதல் வகுப்பில் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது மூச்சு மட்டும்தான்: வயிறு வரை இழுத்து, கீழே தளர விடுவது. இதற்கா காசு என்று தோன்றியது. ஆறு வாரம் கழித்துத் தோன்றவில்லை.

வெந்நீர்ப் பையையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன், மலிவானது, உடனே கேட்கும். சூடு மட்டும் அளவாக இருக்கட்டும். என் அடிவயிற்றில் வலை போட்டது போல ஒரு பழுப்புக் கறை இருக்கிறது, இரண்டு வருடம் கொதிக்கக் கொதிக்க வைத்ததன் பலன். உளுந்தங்களி எனக்கு வலியில் எந்த வித்தியாசமும் காட்டவில்லை. கருப்பட்டி ருசிக்காகச் சாப்பிடுகிறேன்.

ஆக, எதை எடுப்பது என்பது உங்கள் வலி எந்த வலி என்பதைப் பொறுத்தது. உப்பல், வாயு, கழிப்பறைத் தொந்தரவு முன்னால் நின்றால் சாப்பாடு. தாம்பத்தியத்திலும் உட்காரும்போதும் வலித்தால் பிசியோதெரபி. முதல் இரண்டு நாள் பிடிப்புதான் பெரிது, கையில் காசும் நேரமும் இருக்கிறது என்றால் ஊசி. மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் எது கேட்டது என்று ஒருநாளும் தெரியாது. ஒன்றுக்கு மூன்று மாதவிடாயாவது கொடுங்கள். நான் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் வலிக்கு ஒரு எண், உப்பலுக்கு ஒரு எண் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். டாக்டரம்மா என் பேச்சை விட அந்தக் கட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

இப்போது தினமும் 2 மில்லிகிராம் டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, வாரம் நான்கு நாள் மூச்சுப் பயிற்சி, சுண்டல் கிடையாது. வெங்காயத்தைப் பொறுத்தவரை, கல்யாண வீட்டுப் பிரியாணி என்றால் மறுநாள் வரும் உப்பலைத் தெரிந்தேதான் சாப்பிடுகிறேன். ஊசிக்குப் போவதில்லை, அந்தக் காசில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறேன். கட்டி இன்னும் நாலரையிலேயே நிற்கிறது. கழற்சிக்காய்ப் பொடி டப்பாவை நான் திறக்கவே இல்லை, சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை.