சோனி 200-600 மி.மீ. லென்ஸ்: ஏரிக்கரைக்கு அருமை, சோலைக்காட்டில் சிரமம்

பறவைப் படம் எடுக்க மிரர்லெஸ் கேமரா வாங்குகிறவர்கள் பலர் முதலில் பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) வாங்கிவிட்டு, மிஞ்சிய பணத்தில் லென்ஸ் தேடுகிறார்கள். லென்ஸுக்கு முதலில் பணத்தை ஒதுக்குங்கள். சோனி மவுண்ட்டில், அதாவது சோனி லென்ஸ் பொருந்தும் கேமராவில் இருப்பவர்களுக்கு 2019-இல் வந்த 200-600 மி.மீ. எஃப்5.6-6.3 ஜி ஓஎஸ்எஸ் இன்றைக்கும் தயங்காமல் சொல்லக்கூடிய லென்ஸ்.

முக்கியக் காரணம் அதன் ஜூம். குழல் வெளியே நீளாது. எல்லாம் உள்ளேயே நகரும். 200-லிருந்து 600-க்குப் போக வளையத்தைக் கால் சுற்றுகூடத் திருப்ப வேண்டாம், எடையும் முன்னால் சாயாது. தூரத்தில் வரும் கூழைக்கடாவை 300-இல் பிடித்து, ஃபோகஸ் கவ்வியதும் கையை மாற்றாமல் 600-க்குப் போய்விடலாம். சிக்மா 150-600-உம் கூர்மையானதுதான். ஆனால் அதன் குழல் நீளும், எட்டத்தை நீட்டும் டெலிகன்வெர்ட்டரும் சோனி மவுண்ட்டில் சேராது. சோனியின் வேகமான ஏ1, ஏ9 கேமராக்களை வைத்திருப்பவர்களுக்குப் பிற நிறுவன லென்ஸில் நொடிக்கு 15 படம் என்ற வரம்பும் உண்டு.

எடை, ட்ரைபாட்டில் மாட்டுவதற்கான கால் இல்லாமல் 2,115 கிராம். பறக்கும் பறவைக்குக் கையில் பிடிக்கலாம். கூட்டின் எதிரே காத்திருக்க மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) வேண்டும். லென்ஸோடு வரும் அந்தக் கால், ட்ரைபாட்களில் பரவலாக உள்ள ஆர்கா வகை ஹெட்டில் நேராகப் பொருந்தாது, தனியாக பிளேட் வாங்க வேண்டும். இந்த விலையில் இதைக்கூடச் செய்யாதது பெரிய குறை. 95 மி.மீ. யூவி ஃபில்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மலிவான கண்ணாடி 600-இல் கூர்மையைக் கெடுக்கும், பாதுகாப்புக்கு ஹூட் போதும்.

600-இல் முழுத் திறப்பு எஃப்6.3 (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் ஒளி குறையும்), அதிலேயே இறகின் நுண்கோடுகள் தெளிவாக வருகின்றன. பறவை மிக அருகில் வந்தால் மட்டும் எஃப்8. மேனுவல் மோடில் ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் கேமராவே மாற்றிக்கொள்வது) வைத்து, ஷட்டர் வேகம் பறப்பதற்கு 1/2500 நொடி, மீன்கொத்தி பாய்வதற்கு 1/4000, அசையாமல் உட்கார்ந்திருந்தால் 1/500. வெள்ளைக் கொக்கு கரிய நீர்ப்பரப்பில் நின்றால் கேமரா ஏமாறி இறகை வெளுத்துவிடும்: எக்ஸ்போஷரை மைனஸ் 0.7 முதல் 1.3 வரை இறக்குங்கள். வெளிறிய வானத்தின் முன் பறந்தால் நேர்மாறாகப் பிளஸ் 1. ஏ7 மார்க் 4 போன்ற பாடிகளில் சத்தமில்லாத சைலன்ட் (எலக்ட்ரானிக்) ஷட்டர் வேண்டாம். சென்சார் மெதுவாக வாசிப்பதால் சிறகு வளைந்து பதிவாகும்.

ஃபோகஸ் தவறுவது பெரும்பாலும் கோரைப்புல்லில்தான். நீலத் தாழைக்கோழி கோரைக்குள் நடக்கும்போது வைட் ஏரியா (அகலமான ஃபோகஸ் பகுதி) முன்னால் நிற்கும் தண்டைக் கவ்விவிடும். ஸ்பாட் ஸ்மாலுக்கு (சிறிய ஃபோகஸ் புள்ளிக்கு) மாறி, பறவையின் தலையில் வையுங்கள். நீர்க்காகம், கரிச்சான் இரண்டிலும் நிழலில் கறுப்புக்குள் கண் தொலைந்து, கண் கண்டறிதல் தடுமாறும், அங்கும் ஸ்பாட்தான். திறந்த வானத்தில் லென்ஸின் பக்கவாட்டில் உள்ள, ஃபோகஸ் தூரத்தை வரம்பிடும் லிமிட்டரை 10 மீட்டர்-முடிவிலி என்று வைத்தால் ஃபோகஸ் வீணாக அருகே ஓடி வராது. தட்டான் எடுக்கும்போது திருப்பிவிட மறக்காதீர்கள்: குறைந்தபட்சத் தூரம் 2.4 மீட்டர்.

பள்ளிக்கரணையில் வெயில் ஏறிய பிறகு தொலைவில் நிற்கும் பூநாரை மசமசவென்று வந்தால் லென்ஸைச் சந்தேகிக்க வேண்டாம். சூடான காற்றின் அலைவு அது. எந்த ஷட்டர் வேகமும் திருத்தாது. காலை எட்டரைக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தூரத்தைக் குறைக்க வேண்டும். 1.4எக்ஸ் கன்வெர்ட்டர் 840 மி.மீ. தரும், ஆனால் எஃப்9 ஆகிவிடுவதால் நல்ல வெளிச்சத்துக்கு மட்டும்.

வால்பாறையின் சோலை நிழலில் சிங்கவால் குரங்கு, இருவாச்சி என்று போகிறவர்களுக்கு இது முதல் லென்ஸ் அல்ல. எஃப்4-இல் ஐஎஸ்ஓ 2500 போதுமான இடத்தில் எஃப்6.3 சுமார் 6400 கேட்கும், மேகம் மூடினால் அதற்கும் மேல். வேடந்தாங்கல், கூந்தன்குளம் போன்ற திறந்த நீர்நிலைகளே இதற்கேற்ற இடம். கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே மரங்களில் பறவைகள் கூடு கட்டுவதால் 200-300 போதும். கூட்டை நெருங்காமல் எடுக்க ஜூம் இருக்கிறது, தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடியில் ஈரம் படியும். பையை மூடியபடி கால் மணி நேரம் வெளியே வைத்துப் பிறகு திறக்க வேண்டும். வீட்டில் 40-50 சதவீத ஈரப்பதத்தில் ட்ரை கேபினெட்டில் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரியில்) வையுங்கள். ஏற்கெனவே பயன்படுத்திய லென்ஸ் வாங்குவதானால் மவுண்ட் பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் வழியே பாருங்கள். தூசித் துகள் நாலைந்து இருந்தால் பரவாயில்லை, சிலந்தி வலை போல வெள்ளை இழை தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.