வைசியாள் வீதிப் பக்கத்து வாடகை நூலகமும் அதன் அயர்லாந்து அலமாரியும்

மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போகிறேன். துணி எடுக்கவோ பீச் ரோட்டில் நடக்கவோ இல்லை. வைசியாள் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் வாடகை நூலகத்துக்குத்தான். ஒன்றரை வருஷமாகப் போய்வருகிறேன். அங்கே கிடைக்கும் புத்தகங்கள் என்ன, சேவை எப்படி என்று தோழிகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

கடைக்குப் பெயர் கிடையாது. பழைய தமிழ் வீட்டின் திண்ணைக்கு மேல் 'நூல்கள் வாடகைக்குக் கிடைக்கும்' என்று ஒரு தகரப் பலகை, அவ்வளவுதான். உள்ளே இரண்டு அறை. முன்னறையில் தமிழ், பின்னறையில் ஆங்கிலமும் கொஞ்சம் பிரெஞ்சும். கதவைத் திறந்ததும் வசம்பு வாசனை அடிக்கும். கடல் காற்றில் புத்தகம் சீக்கிரம் நமுத்துப் போகும், ராமபாணப் பூச்சி வேறு. அதற்காக ஒவ்வொரு தட்டிலும் வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறார். நடத்துபவர் பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சார் என்பேன், அவர் டீச்சர் என்பார். முன்பணம் 500 ரூபாய், புத்தகத்துக்கு மூன்று வாரத்துக்கு 20 ரூபாய்.

நான் அங்கே போக ஆரம்பித்தது மகளால். அவள் அயர்லாந்தில் லிமெரிக் என்ற ஊரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். போன புதிதில் வீடியோ காலில் ஜன்னல் மழையைக் காட்டுவாள், அதற்கு மேல் அந்த ஊர் எனக்குப் பிடிபடவில்லை. முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். மகள் இருக்கும் ஊரைப் பாடப்புத்தகத்தில் வந்த ஒன்றிரண்டு கவிதைகளைத் தாண்டித் தெரியாதது உறுத்தியது. சாரிடம் போய், "அயர்லாந்தில் இப்போது இருக்கிறவர்கள் எழுதியது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். பின்னறையில் ஒரு முழு அலமாரியைக் காட்டினார். அறுபது புத்தகம் இருக்கும்.

அந்த அலமாரி அடுக்கப்பட்டிருக்கும் விதம்தான் இந்த நூலகத்தின் முதல் சிறப்பு. எழுத்தாளர் பெயர் வரிசை கிடையாது, பதிப்பகம் வாரியாக அடுக்கியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு ஒரு கதை சொன்னார். டோனல் ரயன் என்பவர் தொழிலாளர் உரிமை தொடர்பான அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு நாவல் எழுதினார். 47 முறை திருப்பி அனுப்பப்பட்டன. கடைசியில் டப்ளினில் இருக்கும் லில்லிபுட் பிரஸ் என்ற சின்னப் பதிப்பகத்தில் பயிற்சிக்கு வந்திருந்த சாரா டேவிஸ்-காஃப் என்ற பெண், கேட்பாரற்றுக் குவிந்திருந்த கையெழுத்துப் பிரதிகளிலிருந்து அவருடையதை எடுத்துப் படித்தார். அப்படி 2012இல் வந்ததுதான் 'த ஸ்பின்னிங் ஹார்ட்'. மறு வருஷம் புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இருந்தது. அந்தப் பெண் அப்புறம் லிசா கோயன் என்பவருடன் சேர்ந்து 2014இல் டிராம்ப் பிரஸ் என்று சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கினார். 'சோலார் போன்ஸ்', 'எ கோஸ்ட் இன் த த்ரோட்' இரண்டும் அங்கிருந்து வந்தவை. "புத்தகத்தைக் கண்டெடுத்தவங்களும் தெரியணும் இல்லையா டீச்சர்?" என்றார். வாங்கித் தட்டில் சொருகி வைப்பவர் இப்படி யோசிக்க மாட்டார்.

'த ஸ்பின்னிங் ஹார்ட்'டையே முதலில் கொடுத்தார். ஒரு கிராமம், 21 பேர், ஆளுக்கு ஒரு அத்தியாயம். 2008இல் அங்கே வீடு கட்டும் தொழில் சரிந்தபோது ஒரு காண்டிராக்டர் ஊரைவிட்டு ஓடிப்போகிறான். வேலையாட்கள் பெயரில் கட்ட வேண்டிய காப்பீட்டுத் தொகையை அவன் கட்டவே இல்லை என்பது பிறகுதான் தெரிகிறது. எல்லாமே பேச்சு மொழி. கி.ரா.வைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரல்களின் ருசி உடனே தெரியும். முதல் ஐம்பது பக்கம் எனக்குக் கஷ்டமாக இருந்தது, வாய்விட்டுப் படித்தபோதுதான் வழிக்கு வந்தது. அதில் வரும் ஆட்கள் பேசுவது மகள் இருக்கும் லிமெரிக், டிப்பரேரிப் பக்கத்துப் பேச்சு. ஒருநாள் மகள், "இங்க பேஷன்ட்ஸ் எதுக்கெடுத்தாலும் 'கிராண்ட்'ங்கறாங்கம்மா" என்றாள். வலிக்கிறதா என்றால் கிராண்ட், சாப்பிட்டீர்களா என்றால் கிராண்ட். அது நம்ம ஊர் 'பரவாயில்ல' மாதிரிடீ, இன்னொரு தடவை கேளு என்றேன். இப்போது இரண்டு தடவை கேட்கிறாளாம். இந்த ஒன்றுக்காகவே அந்த 20 ரூபாயை நான் மறக்க மாட்டேன்.

இரண்டாவது சிறப்பு, பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் கோடு போட்ட தாள். படித்தவர்கள் தேதி போட்டு இரண்டு வரி எழுதலாம், பெயர் வேண்டாம். க்ளேர் கீகனின் 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' புத்தகத்தில் அந்தத் தாள் நிரம்பி அடியில் இன்னொன்றும் ஒட்டப்பட்டிருக்கிறது. சின்ன நூல், 2022இல் புக்கர் குறும்பட்டியலுக்குப் போனது. 1985 கிறிஸ்துமஸ் சமயம், நியூ ராஸ் என்ற ஊரில் நிலக்கரி விற்கும் பில் ஃபர்லாங், கன்னியர் மடத்துக்கு லோடு இறக்கப் போய், கரிக்கொட்டகையில் பூட்டி வைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பார்த்துவிடுகிறான். அவனும் கல்யாணமாகாத வேலைக்காரப் பெண்ணுக்குப் பிறந்தவன். வீட்டில் ஐந்து பெண் பிள்ளைகள், அவர்கள் படிப்புக்கு அந்த மடத்தின் தயவு வேண்டும். அதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன். மக்டலீன் சலவைக்கூடங்கள் என்ற பெயரில் இப்படிப் பெண்களை அடைத்து வேலை வாங்கிய இடங்களில் கடைசியானது மூடப்பட்டது 1996இல்தான். அரசு மன்னிப்புக் கேட்டது 2013இல். நான் சிஸ்டர்களிடம் படித்தவள், இன்றும் அவர்கள் மேல் மரியாதை உள்ளவள். அதனாலேயே எனக்கு அதிகம் வலித்தது. தாளில் பச்சை மையில் ஒருவர், 'பக்கம் கம்மி என்று எடுத்தேன். கரி மூட்டை தூக்குகிறவன் கை என் அப்பா கை' என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு நான் எழுதுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை, தேதி மட்டும் போட்டேன்.

அடுத்தது, நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கும் புத்தகம். டிரீன் நீ க்ரீஃபா ஐரிஷிலும் ஆங்கிலத்திலும் எழுதும் கவிஞர். 'எ கோஸ்ட் இன் த த்ரோட்' 2020இல் வந்த அவருடைய உரைநடை. கைக்குழந்தையும் வீட்டு வேலையுமாக இருக்கும் ஒரு தாய், 18ஆம் நூற்றாண்டுப் பெண் ஒருத்தி பாடிய ஒப்பாரியைத் தேடிப்போகிறாள். ஒப்பாரி என்று நான் ஒப்புக்குச் சொல்லவில்லை, அது ஒப்பாரியேதான். 1773இல் கார்க் பக்கத்தில் ஆர்ட் ஓ'லியரி என்பவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். கத்தோலிக்கர் 5 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் இருந்த காலம். அவர் தன் குதிரையைக் கொடுக்க மறுத்ததில் வந்த பகை. குதிரை மட்டும் தனியாக வீட்டுக்கு வருகிறது. மனைவி ஐலீன் டுவ் அதன் மேல் தாவி ஏறிப் போகிறாள், புதர் ஓரம் கிடக்கும் கணவனின் ரத்தத்தைக் கையில் அள்ளிக் குடிக்கிறாள். அவள் பாடியதை யாரும் உடனே எழுதி வைக்கவில்லை. பெண்கள் வாய்வழியாகவே வந்து சேர்ந்த பாட்டு.

பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊரில் என் சின்ன ஆயா ஒப்பாரிக்குப் பேர் போனவர். இழவு வீட்டில் அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் அழுகைக்கு ஒரு ஒழுங்கு வரும். 'மாடி கட்டி, மயில் பொறிச்சு' என்று ஆரம்பித்து, செத்தவருடைய நிலம், மாடு, செருப்பு, அவர் சிரிக்கும் விதம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்குவார். ஐலீனும் அதையேதான் செய்கிறாள். கணவன் தொப்பியைச் சொல்கிறாள், கத்தியைச் சொல்கிறாள், தனக்காக அவன் அலங்கரித்த அறைகளைச் சொல்கிறாள். நடுவில் நாத்தனாரோடு ஒரு வாக்குவாதம் வேறு, அதுவும் பாட்டிலேயே. எங்கள் ஊர் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரியே இருந்தது. சின்ன ஆயா பாடியது ஒரு வரிகூட எங்களிடம் எழுத்தில் இல்லை. அன்று ராத்திரி எனக்கு நினைவிருந்த பதினோரு வரியை நோட்டில் எழுதி வைத்தேன். தங்கையிடம் போனில் கேட்டு இன்னும் நாலு வரி சேர்த்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் புத்தகத்தை மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க ஒரு இணையக் கடையில் வாங்கினேன். வந்த பிரதியில் கடைசிப் பக்கங்கள் இல்லை. அந்த மூலப் பாட்டும் அதன் மொழிபெயர்ப்பும் புத்தகத்தின் கடைசியில்தான் இருக்கின்றன. புத்தகமே எதைத் தேடிப் போகிறதோ அது மட்டும் இல்லை. பத்து நாள் தாண்டிவிட்டது என்று திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். வாடகை நூலகத்துப் பிரதியைக் கொடுக்கும்போது சார் கடைசிப் பக்கம் வரை புரட்டிக் காட்டித்தான் கொடுப்பார். திரும்ப வாங்கும்போதும் அப்படித்தான். முன்பு அது எனக்குச் சந்தேகக் குணமாகப் பட்டது. இப்போது அந்த அரை நிமிஷம் நிற்பதில் எனக்கு மனநிறைவு.

'சோலார் போன்ஸ்' மைக் மெக்கார்மக் எழுதியது. நவம்பர் 2, நம்ம கல்லறைத் திருநாள் அன்று, செத்துப்போன ஒரு இன்ஜினியர் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து தன் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறார். முழு நாவலும் ஒரே வாக்கியம், முற்றுப்புள்ளியே கிடையாது. பயப்பட வேண்டாம், வரிகளை உடைத்து உடைத்து அடுக்கியிருப்பதால் மூச்சு முட்டாது. குழாய்த் தண்ணீர் கெட்டு அவர் மனைவி படுத்துக்கிடக்கும் பக்கங்களைக் தொழிற்சாலைக் கழிவால் தண்ணீர் கெட்டதைப் பார்த்த கடலூர்க்காரர்கள் யாரும் சும்மா கடக்க முடியாது. இந்த நாவலுக்கு 2018இல் டப்ளின் சர்வதேச இலக்கிய விருது கிடைத்தது. பரிசு 1,00,000 யூரோ, கொடுப்பது டப்ளின் நகரசபை.

பால் லிஞ்ச்சின் 'ப்ராஃபெட் சாங்' 2023இல் புக்கர் வாங்கியது. எனக்கு மனம் ஒன்றவில்லை. பத்தியே பிரிக்காமல் போகும் எழுத்து, ஒரே இருட்டு. ஆனால் நாயகியின் கணவர், ஆசிரியர் சங்கத்துக்காரர், ஊர்வலத்துக்குப் போய்த் திரும்பாத அந்த முதல் பகுதி மட்டும் உலுக்கிவிட்டது. 2003இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்த நாட்களில் சங்கப் பொறுப்பில் இருந்த சக ஆசிரியர்களின் வீடுகளில் யாரும் தூங்காத இரவுகள் ஞாபகம் வந்தன. இளைய தலைமுறை அயர்லாந்து நாவலாசிரியர் சாலி ரூனியின் புத்தகங்களை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. கல்லூரிப் பெண்கள் சுற்றிலேயே வைத்திருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. கவிதை மிகவும் குறைவு. ஷேமஸ் ஹீனியின் தொகுப்பு ஒன்றே ஒன்று, அதுவும் தையல் விட்டது. ஐரிஷிலேயே எழுதும் நூலா நீ கோனல் இல்லவே இல்லை. தன் மொழியின் மேல் வைத்த நம்பிக்கையை, மோசேயைக் கூடையில் வைத்து நதியில் விட்டது மாதிரி, சின்னப் படகில் வைத்து அனுப்புகிறேன் என்று பாடியவர் அவர். தமிழர்கள் படிக்க வேண்டிய கவிஞர், வாங்கி வையுங்கள் சார் என்று மூன்று முறை சொல்லியாகிவிட்டது. மதியம் ஒரு மணியிலிருந்து நாலரை வரை பூட்டிவிடுகிறார்கள், வெளியூரிலிருந்து வருபவர்களுக்குச் சிரமம். பின்னறையில் விளக்கு போதாது. உட்கார்ந்து புரட்டிப் பார்க்க ஒரே ஒரு ஸ்டூல்தான்.

முன்பு நாள் தவறினால் ஒரு ரூபாய் அபராதம் உண்டு. அயர்லாந்தில் பொது நூலகங்கள் 2019 ஜனவரியிலிருந்து அபராதத்தையே எடுத்துவிட்டன என்று மகள் சொன்னதை ஒருநாள் பேச்சுவாக்கில் சாரிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது விதிமுறை அட்டையில் அந்த வரி மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. யாராவது புத்தகத்தைத் திருப்பாமல் போய்விடப் போகிறார்களே என்று எனக்குத்தான் பயம். நோட்டைப் புரட்டிக் காட்டினார். அதற்குப் பிறகு வராமல் போனது இரண்டு புத்தகம், இரண்டும் சமையல் புத்தகம்.

திங்கள் விடுமுறை. புதுச்சேரி பஸ் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து நேரு வீதியில் இறங்கி நடந்தால் பத்து நிமிஷம். சந்து முனையில் யாரைக் கேட்டாலும் வாடகைப் புத்தக வீடு என்று காட்டிவிடுவார்கள். 'எ கோஸ்ட் இன் த த்ரோட்' இப்போது மறுபடியும் என்னிடம்தான் இருக்கிறது, தங்கைக்கு அந்தப் பாட்டைத் தமிழில் சொல்லிக் காட்டுவதற்காக எடுத்தேன். வரும் சனிக்கிழமை காலையில் கொடுத்துவிடுவேன். வேண்டியவர்கள் சாரிடம் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.