முதல் தீவு டைனோசர்களுக்கு எதைக் கேட்பது: எண்ணா, தோலா, நடையா, உடம்பா?

டைனோசர் பூங்கா கட்டி நடத்தும் விளையாட்டான ஜுராசிக் வேர்ல்ட் எவல்யூஷன் 2018 ஜூனில் வந்தது. 2021 நவம்பரில் இரண்டாம் பாகம், 2025 அக்டோபரில் மூன்றாம் பாகம். விளையாட்டு வளர வளர ரெக்ஸுக்கும் ராப்டருக்கும்தான் புதுச்சட்டை கிடைக்கிறது. முதல் தீவில் தொடக்கத்திலேயே கைக்கு வந்து, கடைசிவரை வேலிக்குள் மேய்ந்துகொண்டிருக்கும் ஸ்ட்ரூத்தியோமைமஸ், எட்மான்டோசாரஸ், டிரைசெராடாப்ஸ், செரட்டோசாரஸ் பக்கம் பார்வை போவது குறைவு. இவற்றுக்கு மேம்பாடு கேட்டு எழுத நினைப்பவர்களுக்கு நான்கு வழிகள் உண்டு: தாக்குதல், ஆயுள் போன்ற எண்களைக் கூட்டச் சொல்லலாம்; புதுத் தோல் கேட்கலாம்; நடையையும் நடத்தையையும் மாற்றச் சொல்லலாம்; உடம்பையே புதிதாகச் செய்யச் சொல்லலாம். நான்கும் ஒரே விலை அல்ல, எல்லாப் பிராணிக்கும் ஒரே மருந்தும் பொருந்தாது.

எண்ணிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் வீணாவதும் அதுதான். முதல் பாகத்தின் கணக்கு இது. புதைபடிவங்களைச் சேர்த்து மரபணுத் தொகுப்பு 50 சதவீதத்தைத் தொட்டால்தான் முட்டை வைக்கலாம். அதன்மேல் மரபணு மாற்றங்களை அடுக்கினால் பிராணியின் தரமதிப்பீடு ஏறும், பொரிக்கும் வாய்ப்பு இறங்கும். வாய்ப்பு 80 சதவீதமாக இருந்தால் ஓர் உயிர்க்குஞ்சுக்குச் சராசரியாக 1.25 முயற்சி போதும். அதே வாய்ப்பு 50க்கு இறங்கினால் 2 முயற்சி. அதாவது மாற்றத்தின் விலைக்கு மேலே, ஒவ்வொரு குஞ்சுக்கும் 60 சதவீதம் கூடுதல் செலவு. இதைத் தவிர்க்க விளையாடுபவர் செய்ய வேண்டியது எளிது: முதலில் தொகுப்பை 100க்குக் கொண்டுபோங்கள், பிறகு ஆயுள், அதன் பிறகு நோய்தாங்கும் திறன். தாக்குதல் மரபணுவைக் கடைசிக்குத் தள்ளுங்கள். செரட்டோசாரஸுக்கு அதை ஏற்றிவிட்டு, பக்கத்து வேலி புயலில் உடையும்போது தலையில் கைவைத்துப் பயனில்லை.

ஆனால் இது விளையாடுபவரின் கையிலேயே இருக்கும் மேம்பாடு. தயாரிப்பாளரிடம் ‘ஸ்ட்ரூத்தியோமைமஸின் அடிப்படை மதிப்பைக் கூட்டுங்கள்’ என்று கேட்டால் முதல் தீவுப் பூங்காவுக்கான நட்சத்திர மதிப்பீடு உட்கார்ந்த இடத்திலேயே கிடைத்துவிடும். அடுத்த பிராணியைத் தேடி அகழ்வுக்குழுவை அனுப்ப என்ன காரணம் மிஞ்சும்? மலிவான பிராணி பலவீனமாக இருப்பது பிழையல்ல, அதுதான் வடிவமைப்பு. எண் கேட்பதை விட்டுவிடலாம்.

தோல் மலிவு. பிராணியைக் கணினியில் அசையவைக்கும் எலும்புச் சட்டகத்தைத் தொட வேண்டாம், அசைவுகளைத் தொட வேண்டாம், மேலே போர்த்தும் படத்தை மட்டும் வரைந்தால் போதும். முதல் பாகத்தில் சவன்னா, டைகா, சதுப்புநிலம் என்று நிறங்கள் மரபணுக்களாக வந்தன. இரண்டாம் பாகம் அடிநிறத்தையும் வடிவக்கோலத்தையும் பிரித்துக் கொடுத்தது. இங்கே பலர் கோட்டைவிடும் இடம் கேமரா கோணம். பூங்காவை நிர்வகிக்கும்போது நாம் பார்ப்பது மேலிருந்து, அதாவது முதுகையும் வாலையும். விலாவில் வரைந்த நுணுக்கமான வரிகள் அந்தத் தூரத்தில் கலங்கிச் சேறாகிவிடும். தோல் கேட்பதானால் முதுகிலும் வால்நுனியிலும் அகலமான பட்டைகள் கேளுங்கள். அடிவயிறு வெளிறியிருக்கட்டும். சிட்டகோசாரஸ் ஒன்றின் தோலில் மேல்பக்கம் கறுத்தும் கீழ்ப்பக்கம் வெளிறியும் இருந்ததை 2016ல் வந்த ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே இது வெறும் அலங்காரமும் அல்ல.

நமக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூரின் சாங்கி ஜுராசிக் மைலில் 20க்கும் மேற்பட்ட டைனோசர் உருவங்கள் நிற்கின்றன. நிறத்துக்கு அங்கே போய் யோசனை தேடலாம். உடற்கூறுக்கு மட்டும் அவற்றைச் சான்றாக வைக்காதீர்கள். எலும்பு பார்க்க வேண்டுமென்றால் கெண்ட் ரிட்ஜில் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் இருக்கிறது.

உண்மையான போட்டி நடைக்கும் உடம்புக்கும் இடையில்தான். வெளியிலிருந்து பார்த்தால் உடம்பை மாற்றுவது பெரிய வேலை, நடையை மாற்றுவது சின்ன வேலை என்று தோன்றும். பல நேரம் நேர்மாறு. சண்டை, வேட்டை, கொலை ஆகிய அசைவுகள் ஜோடியாகச் செய்யப்படுபவை. இந்தப் பிராணியின் தாடை எங்கே மூடுகிறதோ, அங்கே அந்தப் பிராணியின் கழுத்து இருந்தாக வேண்டும். கழுத்தைக் கொஞ்சம் நீட்டினாலும் கடி காற்றில் விழும். காலின் நீளத்தை மாற்றினால் நடக்கும்போது பாதம் தரையில் வழுக்கும். எலும்பின் நீளத்தைத் தொடாமல் அதன்மேல் சதை, இறகு, தோல் சேர்ப்பது இந்த இரண்டு சிக்கலையும் தொடாது. கோரிக்கை எழுதும் முன் இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஸ்ட்ரூத்தியோமைமஸ்: உடம்பு

நால்வரில் மறுவடிவமைப்பு மிகவும் நியாயப்படும் பிராணி இதுதான். 4 மீட்டர் நீளம், பல்லில்லாத அலகு, நெருப்புக்கோழிக் கால். பெயருக்கே நெருப்புக்கோழியைப் போன்றது என்று பொருள். விளையாட்டிலோ உரித்த கோழி மாதிரி ஓடுகிறது.

இதன் நெருங்கிய உறவான ஆர்னித்தோமைமஸுக்கு இறகு இருந்ததை, கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைத்த புதைபடிவங்களை வைத்து 2012ல் ஓர் ஆய்வு காட்டியது. குஞ்சுகளுக்கு மெல்லிய தூவி மட்டும், வளர்ந்தவற்றின் கைகளில் சிறகு போன்ற இறகுகள். 2015ல் விவரிக்கப்பட்ட இன்னொரு மாதிரியில் நடுத்தொடைக்குக் கீழே கால் வெறுமையாக இருந்தது, இன்றைய நெருப்புக்கோழியைப் போலவே. கோரிக்கை எழுதுபவருக்கு இந்த இரண்டாம் தகவல் பெரிய வரம். கீழ்க்கால், பாதம், முகம் எல்லாம் பழையபடியே இருக்கலாம். கழுத்து, உடல், மேல்தொடை, கை ஆகிய இடங்களில் மட்டும் இறகு சேர்த்தால் போதும்.

எப்படிச் சேர்ப்பது என்பதில் இரண்டு முறைகள் மோதுகின்றன. ஒன்று, உடலைச் சுற்றி மெல்லிய ஓடுகளாகப் பல அடுக்கு போர்த்தித் தூவித்தோற்றம் தருவது. இன்னொன்று, இறகுப் படம் அச்சிட்ட சிறு தகடுகளை வரிசையாக ஒட்டுவது. உடலுக்கு முதல் முறை, கைக்கு இரண்டாம் முறை என்பதே சரியான கலவை. இரண்டிலுமே சிக்கல் ஒளிபுகும் படலங்கள்தான். ஒன்றன்மேல் ஒன்றாக வரும் ஒவ்வொரு படலத்துக்கும் அந்தப் புள்ளியைக் கணினி மறுபடி வரைந்தாக வேண்டும். ஒரு பிராணி நின்றால் தெரியாது. 12 பிராணிகள் கூட்டமாகக் கேமராவுக்கு முன்னால் ஓடும்போது படம் திக்கும், அதுவும் பிளேஸ்டேஷன் 4ல் நன்றாகவே திக்கும். தூரம் கூடும்போது தகடுகளைக் கழற்றிவிட்டு வெளிக்கோட்டை மட்டும் பருமனாகக் காட்டும் நிலைகள் வேண்டும் என்று கோரிக்கையிலேயே எழுதிவிடுங்கள். மூன்றாம் பாகம் பழைய கன்சோல்களுக்கு வரவில்லை என்பதால் அங்கே இந்தத் தடையும் தளர்கிறது.

‘திரைப்படத்தில் இறகில்லையே, உரிமம் வைத்திருப்பவர்கள் ஒப்புவார்களா?’ என்ற கேள்வி இப்போது பழசு. இரண்டாம் பாகத்தில் 2022லேயே இறகுள்ள பைரோராப்டர் வந்துவிட்டது. 2023 மார்ச்சில் வந்த இறகு டைனோசர் தொகுப்பில் யூட்டிரானஸ், சைனோசாரோப்டெரிக்ஸ் இவற்றோடு டைனோகைரஸும் இருந்தது. டைனோகைரஸ் யார் தெரியுமா? ஸ்ட்ரூத்தியோமைமஸின் குடும்பத்து ராட்சதப் பெரியப்பா. பெரியப்பாவுக்கு இறகு தைத்த தையற்காரரிடம்தான் தம்பி மகனுக்கும் கேட்கிறோம்.

நடையிலும் ஒரு சின்ன விஷயம் சேர்க்கலாம். மண்டாய் பறவைப் பூங்காவில் கேசோவரி என்ற பறக்காத பெரிய பறவை நடப்பதைக் கவனியுங்கள். தொடை இறகுக்குள் மறைந்திருக்கும். பின்பக்கம் மடிவதாகத் தெரிவது முழங்கால் அல்ல, கணுக்கால். உள்ளங்கைகள் தரையை நோக்கித் தொங்கும் தோரணையையும் திருத்தச் சொல்லலாம். இந்த வகை டைனோசர்களின் மணிக்கட்டு அப்படித் திரும்பாது, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும்.

எட்மான்டோசாரஸ்: பாதி உடம்பு, பாதி நடை

வளர்ந்த எட்மான்டோசாரஸ் நம்மூர் இரட்டை மாடிப் பேருந்தின் நீளம், சுமார் 12 மீட்டர் வரை. அவ்வளவு பெரிய உடம்பில் கண்ணை நிறுத்த ஒன்றுமில்லை என்பதுதான் இதன் குறை. தீர்வை ஆராய்ச்சியே தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறது, ஆனால் தட்டு ஒன்றல்ல, இரண்டு. எட்மான்டோசாரஸ் ரெகாலிஸ் தலையில் சேவல் கொண்டை போன்ற சதைக்கொண்டை இருந்ததை 2013ல் அறிவித்தார்கள். எட்மான்டோசாரஸ் அனெக்டன்ஸ் வேறு இனம். அதன் கழுத்திலும் முதுகிலும் நடுக்கோட்டில் சதைமுகடு ஓடி வாலில் முள்வரிசையாக முடிவதையும், கால்களில் குளம்பு இருந்ததையும் 2025 அக்டோபரில் வெளியான ஆய்வு காட்டியது. மூன்றாம் பாகம் கடைக்கு வந்த அதே மாதம்!

இரண்டையும் ஒரே உடம்பில் ஏற்றச் சொல்வதுதான் வழக்கமான தவறு. எந்த இனம் என்று ஒன்றை முடிவுசெய்யுங்கள். என் ஓட்டு கொண்டைக்கு. காரணம் கலையல்ல, தொழில்நுட்பம். கொண்டையில் எலும்பில்லை, எனவே கணினியின் தலைச்சட்டகத்தில் அசைவுக்கான இரண்டு மூன்று துணை எலும்புகளைச் சேர்த்து, வில்போல அசையும்படி விட்டால் போதும். எந்தப் பழைய அசைவும் உடையாது. பாசிர் ரிஸ் பக்கம் திரியும் காட்டுச்சேவலைப் பாருங்கள்: தலையை வெடுக்கென்று திருப்பி நிறுத்தும், கொண்டை கணநேரம் பிந்தி வந்து இருமுறை ஆடி அடங்கும். அந்தப் பிந்தல்தான் சதை என்று கண்ணை நம்பவைப்பது. தலையோடு விறைப்பாகத் திரும்பினால் பிளாஸ்டிக் தொப்பிதான்.

முதுகுமுகட்டைத் தேர்ந்தால் வேறு தலைவலி. வேட்டை அசைவில் ஊனுண்ணியின் வாய் கழுத்தில்தான் பதியும், முகடு பல்லுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரும். கடிபடும் நேரத்தில் மட்டும் முகடு அமுங்கும்படி தனி வடிவநிலை செய்ய வேண்டும். செய்யலாம், ஆனால் ஒவ்வொரு வேட்டைப் பிராணியோடும் தனித்தனியே சரிபார்க்க வேண்டியிருக்கும்.

குளம்பு எளிது. முன்பாத விரல்கள் ஒரே சதையுறைக்குள் சேர்ந்திருக்கும். நுனியின் வடிவத்தை மட்டும் மாற்றி, தரைதொடும் புள்ளியை அப்படியே வைத்தால் வழுக்கல் வராது.

டிரைசெராடாப்ஸ்: நடை மட்டும்

உடம்பைத் தொட வேண்டாம், மக்கள் அதை அப்படியே விரும்புகிறார்கள். கேட்க வேண்டியது கொம்புப் பூட்டு. தலைக்குப் பின்னால் விரியும் எலும்புக் கேடயத்தில் ஆறிய காயங்கள் எவ்வளவு என்று 2009ல் ஆராய்ந்தவர்கள், அவை தம் இனத்தோடே கொம்பு கோத்துச் சண்டையிட்டதற்குப் பொருந்துகின்றன என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே சட்டகம், ஒரே அளவு என்பதால் ஜோடி அசைவுகளில் இதைவிட மலிவானது இல்லை.

மூன்றாம் பாகத்தில் குட்டிகளும் உண்டு. டிரைசெராடாப்ஸ் குட்டியின் புருவக்கொம்பு பின்னோக்கி வளைந்திருக்கும், வளர வளர முன்னோக்கித் திரும்பும் என்பது 2006 முதல் தெரிந்த விஷயம். பெரியதைச் சுருக்கிக் குட்டியாக்கினால் இது வராது, வளர்ச்சிக்கு ஏற்பக் கொம்பு வடிவம் கலந்து மாற வேண்டும்.

செரட்டோசாரஸ்: மாற்றுத்தோற்றமாக மட்டும்

சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் நீர் உடும்பும் உண்டு, எப்போதாவது உவர்நீர் முதலையும் தலைகாட்டும். முதலைக்கு வாய் மூடினாலும் பல் தெரியும், உடும்புக்கு உதடு மூடிவிடும். ஊனுண்ணி டைனோசர்கள் உடும்பின் பக்கம் என்று 2023ல் வந்த ஆய்வு வாதிட்டது. செரட்டோசாரஸின் மேல்பற்கள் மிக நீளம், ஆகவே உதடு வைத்தால் முகமே மாறிவிடும். கர்ஜிப்பது, கடிப்பது, கொட்டாவி விடுவது என்று வாய் திறக்கும் எல்லா அசைவிலும் உதடு இழுபடுவதைத் திருத்த வேண்டும். பழைய முகத்தைப் பிடித்தவர்களும் சண்டைக்கு வருவார்கள். தனித் தோற்றமாகக் கேட்பதே புத்தி. முதுகின் நடுக்கோட்டில் சிறு எலும்புத்தட்டுகள் வரிசையாக ஓடியது உறுதியான செய்தி, தோல்படத்திலேயே மேடுபள்ளமாகக் காட்டிவிடலாம். கூடவே ஒன்று: லீ கோங் சியான் அரும்பொருளகத்தில் நிற்கும் பிரின்ஸ், அப்பலோனியா, ட்விங்கி என்ற நெடுங்கழுத்து டைனோசர் எலும்புக்கூடுகள் மூன்றும் வயோமிங்கின் மோரிசன் பாறைகளிலிருந்து வந்தவை, செரட்டோசாரஸும் அதே பாறைக்காரன். நெடுங்கழுத்தர்களைக் கண்டால் எட்டி நின்று சுற்றிவரும் நடத்தை ஒன்று இதற்குப் பொருந்தும்.

டைலோஃபோசாரஸைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: விரியும் கழுத்துவிசிறி 1993 ஜுராசிக் பார்க் படத்தின் கற்பனை, விஷத்துப்பல் அதற்கு மூலமான நாவலின் கற்பனை, ஆனால் அந்தக் கற்பனைக்காகத்தான் ஆட்கள் அதை வளர்க்கிறார்கள். விட்டுவிடுங்கள்.

இனி எழுதும் முறை. ஒரு கோரிக்கையில் ஒரு பிராணி, ஒரு மாற்றம், ஆண்டோடு ஒரு சான்று, ஏற்கெனவே விளையாட்டில் இருக்கும் எந்த வேலையை மறுபயன் செய்யலாம் என்ற குறிப்பு. ஸ்ட்ரூத்தியோமைமஸுக்கு இப்படி எழுதலாம்: “வளர்ந்த ஸ்ட்ரூத்தியோமைமஸுக்குக் கழுத்து, உடல், மேல்தொடை, கைகளில் இறகு வேண்டும். நடுத்தொடைக்குக் கீழும் முகத்திலும் மாற்றம் வேண்டாம். எலும்பு நீளங்கள் அப்படியே இருக்கட்டும், எனவே பழைய அசைவுகள் செல்லும். டைனோகைரஸுக்குச் செய்த இறகுமுறையைப் பயன்படுத்தலாம். குட்டிக்குத் தூவி மட்டும் போதும். பழைய தோற்றமும் தேர்வாக இருக்கட்டும்.”